ஆளை எடை போடும் மனசு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் 20 வருடமாகப் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உளவியல் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் வகுப்பில் எழுந்து கேட்பார்கள். அம்மாமார் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, "டீச்சர், ஒன்று கேட்கணும்" என்று ஓரமாக நிற்பார்கள். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சமூகப் புலக்காட்சி என்றால் என்ன?

மற்றவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம், பார்த்ததிலிருந்து அவர்களைப் பற்றி என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதைப் பற்றிய ஆய்வுத் துறை. பெயர்தான் பெரிது, விஷயம் நாம் எல்லோரும் காலை முதல் இரவு வரை செய்வதுதான்.

1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இருவர் ஒரு சின்னப் படம் தயாரித்தார்கள். அதில் ஆட்களே இல்லை. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவோடு ஒரு பெட்டி. இவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரிய முக்கோணம் அடாவடிக்காரன், வட்டம் பயந்துபோய் ஒளிகிறது, சின்னவன் அதைக் காப்பாற்றப் போகிறான் என்று கதையே சொன்னார்கள். முதல் குழுவில் 34 பேர் பார்த்தார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று மட்டும் சொன்னவர் ஒரே ஒருவர். வெறும் கோடுகளுக்கே குணம் கொடுக்கும் மனசு, எதிரே வரும் மனிதரைச் சும்மா விடுமா?

முகத்தைப் பார்த்ததும் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம் என்கிறார்களே?

சொல்லிவிடுகிறோம் என்பது உண்மை. 2006இல் ஜனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முகப் படங்களைச் சோதித்தார்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டினாலே போதும், நம்பலாமா கூடாதா என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அதன் மேல் இருந்த உறுதிதான் கூடியது.

ஆனால் பலர் ஒரே மாதிரிச் சொல்வதால் அது சரியாகிவிடாது. ஊரே ஒருவரை முறைப்பான ஆள் என்று சொல்லலாம். அவருக்குப் புருவம் அப்படி அமைந்திருக்கலாம்.

சுத்தமாக உடுத்தி வருகிற பிள்ளைக்கு மார்க்ஸ் கூடப் போடுகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?

நடக்கும். இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். எட்வர்ட் தோண்டைக் 1920இல் எழுதிய கட்டுரையில் வந்தது. இராணுவ அதிகாரிகளிடம், தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமை, குணம் ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னார்கள். வந்த மதிப்பீடுகளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் நல்லவன் என்றால் எல்லாவற்றிலும் நல்லவன். உயரத்துக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வெள்ளைக் காலுறையின் ஓரத்தில் எப்போதும் மண். கவனமில்லாத பிள்ளை என்று மனதில் பதிந்துவிட்டது. ஒரு மழைக்காலக் காலையில் பஸ் வரவில்லை என்று நடந்தே வந்தேன். தோட்டத்துப் பாதை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மதகு. அங்கே நாலைந்து பிள்ளைகள் ஓடும் தண்ணீரில் கால் கழுவி, ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்த சப்பாத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில் தம்பிக்கு மாட்டிவிட்டாள். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று தனக்கு மாட்டினாள். ஈரக் காலில் காலுறை ஏறவில்லை, இழுத்து இழுத்து ஏற்றினாள். கெண்டைக்காலில் தெறித்திருந்த சேறுதான் காலுறை ஓரத்தில் இறங்குகிறது என்று அன்றுதான் விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு இருந்த கவனம் சப்பாத்து வைத்திருந்த பையின் முடிச்சில் தெரிந்தது.

அன்றிரவு அவளது கட்டுரைக் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். "கவனமின்மை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். எழுத்துப் பிழை இரண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு பெயர் உள்ள பக்கத்தை மடித்துவிட்டுத்தான் திருத்துகிறேன். முழுத் தீர்வு இல்லை, கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் அந்த மடிப்பு உதவுகிறது.

பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த அறையில் குடியிருப்பவர்) தேயிலைக் கொழுந்து குறைவாக எடுத்தால் சோம்பேறி என்கிறோம், நமக்குக் குறைந்தால் மலையைக் குறை சொல்கிறோம். ஏன் அப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஓர் அம்மா. எத்தனையோ புத்தகம் படித்துத்தான் நான் இந்த இடத்துக்கு வந்தேன். அவர் நிறுவைக்களத்தில் நின்றே வந்துவிட்டார்.

1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹரிஸ் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களுக்குச் சில கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சில கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தவை, சில எதிர்த்தவை. எந்தப் பக்கம் எழுதுவது என்று எழுதியவருக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லியும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஓரளவு ஆதரவாளர்தான் என்று வாசித்தவர்கள் நினைத்தார்கள். ஒருவர் செய்வதற்கு அவர் குணத்தைக் காரணமாக்கி, அவர் நிற்கும் சூழ்நிலையை விட்டுவிடும் இந்தப் பழக்கத்துக்கு லீ ரோஸ் 1977இல் அடிப்படைக் காரணம்காட்டல் பிழை என்று பெயர் வைத்தார்.

கொழுந்துக்கு வாருங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு கிலோ என்று தோட்டம் கணக்கு வைத்திருக்கிறது. எட்டாவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஆனால் கிலோவைத் தீர்மானிப்பது கை மட்டுமா? மழை ஓய்ந்து வெயில் நீண்டால் கொழுந்து சுருங்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் மறுபடி கொழுந்து எடுக்கச் சில மாதம் ஆகும். வயதான செடி குறைவாகத் துளிர்க்கும். செங்குத்தான மலையில் கூடையோடு காலை ஊன்றி நிற்பதிலேயே பாதிப் பலம் போகும். நமக்கு இதெல்லாம் தெரிகிறது, ஏனென்றால் நம் காலடியில்தான் அந்தச் சரிவு இருக்கிறது. அடுத்தவரைப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஆள். அவர் நிற்கும் சரிவு படுவதில்லை.

இந்தப் பிழை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன் மில்லர் 1984இல் அமெரிக்காவின் சிகாகோவிலும் நம் பக்கத்து மைசூரிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: தெரிந்தவர் ஒருவர் செய்த ஒரு காரியத்துக்குக் காரணம் என்ன? சிகாகோப் பெரியவர்கள் கூடுதலாகக் குணத்தைச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையை, உறவை, கடமையைச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை, வளர வளரத்தான் கூடியது. அப்படியானால் இது வளர்ப்பில் வருகிறது. பிள்ளைக்கு முன்னால் நாம் அடுத்த வீட்டாரைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் ஆசிரியர்களின் பார்வை மாறுகிறதா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்கும்போது குரல் தாழும்.

ஜோன் டார்லி, பஜட் குரோஸ் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரின்ஸ்டன் மாணவர்களுக்கு நாலாம் வகுப்புப் படிக்கும் ஹன்னா என்ற சிறுமியின் வீடியோவைக் காட்டினார்கள். ஒரு பாதிக்கு அவள் வசதியான சுற்றுப்புறத்தில் விளையாடுவது போல, மறு பாதிக்கு நெருக்கடியான ஏழைப் பகுதியில் விளையாடுவது போல. அதோடு நிறுத்தி, இவள் எந்த வகுப்புத் தரத்தில் இருக்கிறாள் என்று கேட்டபோது இரு தரப்பும் ஏறத்தாழ நாலாம் வகுப்பு என்றே சொன்னார்கள். பரவாயில்லை, வீட்டை வைத்துப் பிள்ளையை மட்டம் தட்டவில்லை என்று தோன்றும்.

மீதியைக் கேளுங்கள். இன்னும் சிலருக்கு அதன் பிறகு ஹன்னா பரீட்சைக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லும் வீடியோவையும் காட்டினார்கள். எல்லோருக்கும் அதே வீடியோ. சில கஷ்டமான கேள்விக்குச் சரியாகச் சொல்வாள், சில இலகுவானதைத் தவறவிடுவாள். வசதியான வீட்டு ஹன்னாவைப் பார்த்தவர்கள் அவள் நாலாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள் என்றார்கள், கேள்விகள் கடினமானவை என்றும் சொன்னார்கள். ஏழை ஹன்னாவைப் பார்த்தவர்கள் அவள் தரத்துக்குக் கீழே என்றார்கள். இரு தரப்புக்கும் ஆதாரம் கையில் இருந்தது! அதே பதில்களைச் சுட்டிக்காட்டித்தான் பேசினார்கள்.

நான் இதை முதலில் வாசித்த நாள் தூங்கவில்லை. "நான் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, மார்க்ஸைத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. மார்க்ஸைத்தான் பார்க்கிறார். ஆனால் எந்தப் பிழை கண்ணில் குத்துகிறது, எந்தப் பிழை "ஏதோ அவசரம்" என்று கடந்து போகிறது என்பதை முகவரி ஏற்கெனவே தீர்மானித்துவிடுகிறது. நம்மவர்களுக்கு முகவரி என்பது வெறும் முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், லய (தோட்டத்து வரிசை வீடு) இலக்கம் என்று எழுதும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். நேர்முகப் பரீட்சைக்குப் போன என் பழைய மாணவர் ஒருவரிடம், விண்ணப்பத்தைப் பார்த்ததும் முதல் கேள்வியாக "வீட்டில் கரண்ட் இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். அவர் கணக்கியலில் விசேட சித்தி பெற்றவர்.

ஆசிரியர் நம்பினால் பிள்ளை கெட்டிக்காரன் ஆகிவிடுவான் என்று ஓர் ஆய்வு உண்டாமே?

ரொபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் 1968இல் வெளியிட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல எடுத்த பிள்ளைகளை, இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள், மேல் வகுப்புகளில் அப்படித் தெரியவில்லை. பிறகு இதன் மேல் நிறைய விமர்சனம் வந்தது. எதிர்பார்ப்புக்குத் தாக்கம் உண்டு, ஆனால் மேடையில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்பதே நான் ஏற்றுக்கொள்ளும் முடிவு. நம்பிக்கை மட்டும் வைத்துவிட்டு விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையை விட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

லயத்தில் இருப்பவர்கள் ஏன் ஒரு நாள் உயிராகவும் மறுநாள் சண்டையாகவும் இருக்கிறோம்?

1950இல் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கேர்ட் பேக் மூவரும் அமெரிக்காவில் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்தார்கள். இரண்டு மாடி, மாடிக்கு ஐந்து கதவு, வரிசையாக. படத்தைப் பார்த்தால் மாடி வைத்த லயம் போலவே இருக்கும். நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டார்கள். அடுத்த கதவில் இருப்பவர்களில் 41 சதவீதம் பேர் நண்பர்களாகக் குறிக்கப்பட்டார்கள். ஒரு கதவு தள்ளியிருந்தால் 22. வரிசையின் இரு முனையில் இருந்தால் 10. தூரமோ சில அடிகள்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்களும் கூடுதல், ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள் கதவைக் கடந்தே போனார்கள்.

நமக்கு மாடிப்படி இல்லை, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறது. பீலிக்கரைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்காவுக்கு மேல் லயம், கீழ் லயம் எல்லாம் தெரியும். அவர் கெட்டிக்காரத்தனமாகப் பழகுகிறார் என்போம். அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் பாதி லயம் வாசலில் நின்று பேசியிருக்கும்.

சண்டை? அதற்கும் ஆய்வு உண்டு. எபே எபசன், கிளென் கியோஸ், விளாடிமிர் கொனெச்னி 1976இல் கலிபோர்னியாக் குடியிருப்பு ஒன்றில், பிடித்தவர் யார் என்பதோடு பிடிக்காதவர் யார் என்றும் கேட்டார்கள். பிடிக்காதவரும் பக்கத்தில்தான் இருந்தார்! தூரத்தில் இருப்பவர் எவ்வளவு சத்தமாக ரேடியோ வைத்தாலும் நமக்கென்ன?

10க்கு 12 அடிக் காம்பரா, நடுவில் கூரை வரைக்கும் எட்டாத சுவர். பக்கத்தில் இருமினால் இங்கே கேட்கிறது, அங்கே சம்பல் அரைத்தால் இங்கே மணக்கிறது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காயப்போட்ட விறகு யாருடையது என்பதில் தொடங்கும் சண்டையை ஆட்களின் குணம் என்று பேசுவது எனக்குக் கோபம் தரும். நூறு வருடத்துக்கு முன் கூலியாட்களை அடைக்கக் கட்டிய சுவர் அது. எந்த நல்ல மனிதரையும் அதற்குள் மூன்று தலைமுறை வைத்தால் வாய்த்தகராறு வரும். தனி வீட்டுக்கு மாறிப்போன குடும்பங்கள் பழைய அயலாருக்குத் தட்டில் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். லயத்தில் இருந்த காலத்தில் அதே இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசியதில்லை.

மேல் கணக்கு, பணிய கணக்கு (மேல் டிவிசன், கீழ் டிவிசன்) என்று கிரிக்கெட் மெட்ச்சில் அடிபிடி. இரண்டும் ஒரே தோட்டம்தானே?

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர், குடும்பத்தை நாசிகளுக்குப் பலி கொடுத்தவர். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை வெறுக்க ஆகக் குறைந்தது என்ன தேவை என்று தேடினார். 1970இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கும் என்ற சாக்கில் இரண்டாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. தன் கூட்டத்தில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னபோது தன் பக்கத்துக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். தன் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றப் பக்கத்தைவிடக் கூட இருந்தால் போதும் என்று பங்கிட்டவர்களும் உண்டு.

பெயர் வைத்தால் போதும், பிரிவு வந்துவிடும். தோட்டத்தை டிவிசனாகப் பிரித்து, எந்த டிவிசன் கூடக் கொழுந்து கொடுத்தது என்று ஒப்பிட்டே பழக்கிய இடத்தில் மெட்ச் வெறும் மெட்ச்சாக முடிவது கஷ்டம்.

சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளோடு பழகினால் பயமும் வெறுப்பும் குறையுமா?

குறையும், எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பொறுத்து. கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைச் சொன்னார்: இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும். தோமஸ் பெட்டிகுரூ, லிண்டா ட்ரோப் இருவரும் 2006இல் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது. அந்த நாலு நிபந்தனையும் முழுதாக இல்லாவிட்டாலும் குறைகிறது, இருந்தால் இன்னும் கூடக் குறைகிறது.

சமமாக நிற்பது என்ற இடத்தில்தான் நம் வரலாறு குறுக்கே வருகிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாட்டுக்குமாகப் பங்கு பிரித்தது. மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமை வரும்போது 2003 ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் கிராமத்தவரும் தோட்டத்தவரும் சந்தித்தது கடையிலும் பஸ்ஸிலும். கடன் கொப்பியில் பெயர் இருப்பவரும் கடைக்காரரும் தினம் சந்திப்பதால் சமமாகிவிட மாட்டார்கள்.

அதனால்தான் நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களின் பிள்ளைகள் இலகுவாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரே பனி இரண்டு பாத்தியையும் கருக்குகிறது.

கொழும்பில், யாழ்ப்பாணத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று மகன் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

அவனுக்கு இரண்டு ஆய்வைச் சொல்லுங்கள். 2000இல் தோமஸ் கிலோவிச்சும் சகாக்களும் மாணவர்களுக்கு வெட்கப்படும்படியான படம் போட்ட டீசேட் அணிவித்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர் நினைத்தார். கவனித்தது கால்வாசிதான். 2018இல் எரிக்கா பூத்பியும் சகாக்களும், முதல்முறை சந்தித்துப் பேசியவர்களிடம் தனித்தனியே கேட்டார்கள். எதிரே இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இதனால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சிரிப்பவர்கள் இருக்கிறார்கள், "தோட்டக்காட்டான்" என்ற சொல் இன்னும் சாகவில்லை. சிரித்தவர்களின் எண்ணிக்கையை நம் மனசு கூட்டிப் போடுகிறது, பிடித்துப்போனவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் போடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

பதுளைக் கோச்சியில் (ரயிலில்) பழகச் சொல்லுங்கள். சிகாகோ ரயில் பயணிகளை வைத்து நிக்கொலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருந்தவரோடு பேசச் சொல்லப்பட்டவர்களின் பயணம்தான் ஆக இனிமையாக இருந்தது. முன்கூட்டிக் கேட்டபோது அது இனிமையாக இராது என்று மக்கள் எதிர்பார்த்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்கார மாணவர்களை வைத்துச் செய்தது. நமக்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, விடாதீர்கள். 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் இதையேதான் எழுதினார்கள்: மேற்கத்தேய, படித்த, பணக்கார சமூகத்தாரை வைத்துவிட்டு மனித இனமே இப்படி என்கிறோம் என்று. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் முதல் முடிவு தெளிவாகத் திரும்ப வந்தது. அதனால் ஒரே ஓர் ஆய்வை வேதவாக்காக எடுக்காதீர்கள். லயத்திலும் பிள்ளை மடுவத்திலும் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பிரட்டுக்களத்திலும் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) இந்தக் கேள்விகளைக் கேட்க நம் பிள்ளைகளே பேராதனைக்கும் கொழும்புக்கும் போய்ப் படித்துத் திரும்ப வர வேண்டும். இது என் ஆசை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதும் உண்டா?

உண்டு. சொலமன் ஆஷ் 1946இல் செய்தது, காசு செலவில்லை. ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, அன்பானவர், உறுதியானவர், காரியக்காரர், எச்சரிக்கையானவர். இன்னொரு தாளில் அதையே எழுதி, அன்பானவர் என்பதற்குப் பதில் ஒட்டாதவர் என்று போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், மற்றப் பிள்ளைக்கு மற்றத் தாள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இந்த ஆள் எப்படிப்பட்டவர், பக்கத்துக் காம்பராவுக்குக் குடிவந்தால் உதவி கேட்கப் போவீர்களா என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஆஷின் சோதனையில் அந்த ஒரு சொல் மாறியதும் தாராளமானவரா, நகைச்சுவை உள்ளவரா என்பதெல்லாம் சேர்ந்து மாறியது.

எழுதி முடித்ததும் உடனே தாளைக் காட்டாதீர்கள். முதலில் இருவரும் தாங்கள் எழுதியதைச் சத்தமாக வாசிக்கட்டும், அவரவர் சொல்வதுதான் சரி என்று கொஞ்ச நேரம் சண்டை போடட்டும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.